சாயம் கூடினால் ரத்தம் கூடும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேயிலைப் பெக்டரியில் ரோலர் நின்றால் ரோலரைத் திட்டுவேன், மழை பெய்தால் மழையைத் திட்டுவேன். என் மனைவி ஜீவராணியை மட்டும் திட்டியதில்லை. திட்ட வாயெடுத்தால் அவள் சிரித்துவிடுவாள். சிரிக்கிற ஆளை எப்படித் திட்டுவது?

கோபம் இல்லாத நேரங்களில் நான் கனவு காண்கிற ஆள். தூங்கும்போது அல்ல, விழித்திருக்கும்போது. ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தில் அதற்கு வசதி அதிகம். நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயம் மலையின் விளிம்பில் இருக்கிறது. விடியற்காலையில் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், நின்றால் கீழே ஊர், ரோடு, வயல் எதுவுமே இருக்காது, எல்லாம் வெள்ளை. பிறகு பனிமூட்டம் மெல்ல விலகி, வெகு தூரத்தில் ஏதோ ஒரு குளத்துத் தண்ணீர் மினுங்கும். அப்போது எனக்குள் யாராவது வந்து நிற்பார்கள். யார் என்று பிறகு சொல்கிறேன்.

கல்யாணமான நாளிலிருந்து காலைத் தேத்தண்ணி என் வேலை. ஆம்பிளை அடுப்படிக்குப் போனால் லயத்தில் சிரிப்பார்கள். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற பாக்கியலெட்சுமி அக்கா சிரித்ததோடு நிற்காமல், "கஜேந்திரா, அப்பிடியே அந்தக் கொழுந்துக் கூடையையும் மாட்டிக்கிட்டு மலைக்குப் போயிட்டு வாறியா?" என்று கேட்டிருக்கிறாள். கேட்டால் கேட்கட்டும். எனக்குத் தெரிந்த ஒரே சமையல் அதுதான், அதை நன்றாகவே செய்வேன். பெக்டரியில் வேலை செய்கிறவன் என்பதால் நல்ல தூள் எது என்று மூக்குக்குத் தெரியும். இஞ்சியைத் தட்டிப் போட்டு, சாயம் கறுஞ்சிவப்பாக இறங்கும்வரை விட்டு, சீனியைத் தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நக்கிக்கொண்டே குடிப்பாள். அவள் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகிறதைப் பார்த்துவிட்டுப் பெக்டரிக்குக் கிளம்புவது எனக்கு ஒரு சுகம்.

சாயம் கூடினால் ரத்தம் கூடும் என்பது எங்கள் லயத்துப் பேச்சு. நிறத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். காய்ச்சல்காரனுக்குச் சாயத்தண்ணி, பிள்ளை பெற்றவளுக்குச் சாயத்தண்ணி, இழவு வீட்டில் அழுது களைத்தவளுக்கும் சாயத்தண்ணி. எங்கள் குளிரில் காலையில் பச்சைத் தண்ணீரைக் குடித்தால் நெஞ்சில் சளி கட்டும் என்று யாரும் தண்ணீர்ப் பக்கமே போவதில்லை. ஆஸ்பத்திரியில் எந்தக் குளிசையைக் கொடுத்தாலும் அது தேத்தண்ணியோடுதான் எங்கள் தொண்டைக்குள் இறங்கும். அதை ஒரு பழக்கம் என்றுகூட நாங்கள் நினைத்ததில்லை.

ஜீவராணிக்கு இப்போது இருபத்தெட்டு வயது. தலைமுடியைப் பார்த்தால் ஐம்பது சொல்வார்கள். வகிட்டின் இரண்டு பக்கமும் வெள்ளை, காதோரம் வெள்ளை, பின்னலை முன்னால் எடுத்துப் போட்டால் கறுப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கிய கயிறு. ஐந்து வருடத்துக்கு முன்னால், எங்கள் பிள்ளை போன வருடத்தில் தொடங்கியது அது. எட்டு மாதம் வயிற்றில் இருந்துவிட்டு ஒருநாள் அசையாமல் போன பெண்பிள்ளை. ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். தலை நிறைய முடி, கறுகறுவென்று. அதை மட்டும்தான் நான் நன்றாகப் பார்த்தேன், மற்றதெல்லாம் கண்ணீரில் கலங்கிப்போனது. காரணம் பல இருக்கலாம் என்றார் டாக்டர். தாய்க்கு ரத்தம் ரொம்பக் குறைவு என்பதும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.

துக்கத்தில் நரைத்துவிட்டது என்று லயத்தில் முடிவுசெய்துவிட்டார்கள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி. பாக்கியலெட்சுமி அக்கா ஒருபடி மேலே போய், ஒரே ராத்திரியில் நரைத்ததைத் தன் கண்ணால் கண்டதாகவே சொல்லிக்கொண்டு திரிந்தாள். நானும் அதை நம்பினேன். அந்த வெள்ளை முடியைத் தொடும்போதெல்லாம் பிள்ளையைத் தொடுகிற மாதிரி இருக்கும் எனக்கு.

ஆனால் ஜீவராணிக்கு அது பிடிக்கவில்லை. நாலு மாதத்துக்கு முன்னால் பஸ்ஸில் ஒரு பொடிச்சி எழுந்து, "இருங்க பாட்டி" என்று இடம் கொடுத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு கண்ணாடி முன்னால் வெகு நேரம் நின்றாள். அடுத்த வாரமே நான் ஒரு போத்தல் வாங்கி வந்தேன். மேலே ஒரு பெண், முதுகு முழுக்கக் கருங்கூந்தல். இரும்பு, செம்பு, துத்தநாகம், இன்னும் என்னென்னவோ விட்டமின் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. இளநரைக்கு மூன்று மாதத்தில் பலன் தெரியும் என்று போனில் வந்த விளம்பரம் சத்தியம் பண்ணியது. தினமும் காலையில் ஒரு குளிசை, என் கையால், என் இஞ்சிச் சாயத்தண்ணியோடு.

மூன்று மாதம் போனது. ஒரு முடிகூடக் கறுக்கவில்லை. அதற்குள் வேறொன்று நடந்தது. ஜீவராணிக்கு நாள் தள்ளிப்போனது. ஐந்து வருடத்துக்குப் பிறகு. அதை அவள் எனக்குச் சொன்ன விதம் இதுதான்: "என்னாங்க, இனிமே எனக்கு இஞ்சி கொஞ்சம் கூடுதலாப் போடுங்க, குமட்டுது." நான் அடுப்படியில் கரண்டியோடு அப்படியே நின்றேன். சந்தோஷத்தைவிடப் பயம்தான் முதலில் வந்தது. போன திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போய்ப் பதிந்து, ஒரு பை நிறையக் குளிசையோடு வந்தாள். பழையபடி அதையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன், பழையபடி தேத்தண்ணியோடு.

பதுளைக்கு நான் போனது வியாழக்கிழமை. பெக்டரி ரோலரின் தண்டு ஒன்று தேய்ந்துபோய்விட்டது. அதை லேத்தில் கொடுத்துக் கடைந்துவர டீமேக்கர் ஐயா என்னை அனுப்பினார். பட்டறைக்காரர் இரண்டு மணித்தியாலம் ஆகும் என்றார். காலி போத்தல் என் பையில் இருந்தது. சரி, இந்தப் போத்தலை விற்றவனை ஒரு கை பார்ப்போம் என்று பஜார்ப் பக்கம் நடந்தேன். பதுளையில் எங்கள் மலைக் குளிர் இல்லை. வெயிலில் நடக்க நடக்கக் கோபமும் நன்றாகச் சூடேறியது.

பாமசியில் ஒரு பெண் நின்றாள். நெற்றிவரை முக்காடு, மூக்குக்கண்ணாடி, சட்டையில் நபீலா என்று பெயர் குத்தியிருந்தது. போத்தலை மேசையில் டொக்கென்று வைத்தேன்.

"இது என்னா ஏமாத்து வேல தங்கச்சி? மூணு மாசமாத் தின்னாச்சு. ஒரு மசிரும் கறுக்கல."

கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நபீலா என் தலையைப் பார்த்தாள். என் தலை இன்னும் கறுப்புத்தான்.

"ஒங்களுக்கா?"

"என் சம்சாரத்துக்கு."

"என்ன வயசு?"

"இருபத்தெட்டு."

அவள் போத்தலைத் திருப்பிச் சின்ன எழுத்தை வாசித்தாள். அவசரமே இல்லை அவளுக்கு. "நரச்ச முடி கறுக்கும்னு நான் பொய் சொல்ல மாட்டேன் அண்ணே. செலருக்குப் பரம்பர. செலருக்கு ஒடம்புல இரும்பு, விட்டமின் கொறஞ்சா நரைக்கும். அது ஏறினா கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம், தெரியாமலும் போகலாம். ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்தாத்தான் தெரியும். இதை எப்பிடிக் குடிக்கிறாங்க?"

"எப்பிடின்னா? வாயாலதான்."

அவள் சிரிக்கவில்லை. "என்னத்தோட குடிக்கிறாங்கன்னு கேட்டேன்."

"தேத்தண்ணியோட. நானேதான் ஊத்திக் குடுக்குறேன். நல்ல சாயத்தண்ணி, பெக்டரித் தூளு." இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"அப்பச் சரி," என்றாள் நபீலா, கணக்கில் பிழையைக் கண்டுபிடித்த டீச்சர் மாதிரி. "தேத்தண்ணியோட குடிச்சா இரும்பு ஒடம்புல சேராது அண்ணே. சாயம் அதைப் புடிச்சு வச்சுக்கிடும். முக்காவாசி வெளியிலதான் போகும். தண்ணியோட குடிக்கணும், தேசிக்காத் தண்ணின்னா இன்னும் நல்லம். தேத்தண்ணி ரெண்டு மணித்தியாலம் தள்ளித்தான்."

சாயம் கூடினால் ரத்தம் கூடும் என்று சொல்ல வாயெடுத்தேன்.   கடையின் மின்விசிறிச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

"ஒரு பேச்சுக்குக் கேக்குறேன்," என்றேன்.  "வயித்துப் புள்ளக்காரி. கிளினிக்ல குடுக்குற குளிசைய எட்டு மாசமும் இப்பிடியே தேத்தண்ணியோட குடிச்சா?"

"ரத்தம் ஏறாது. தாய்க்கும் கஷ்டம், புள்ளைக்கும் கஷ்டம்." சொல்லிவிட்டு அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய முகம் மாறியது. "எல்லாம் அதால மட்டும்னு சொல்லேலா அண்ணே. எத்தனையோ காரணம் இருக்கு. யாருக்குக் கேக்குறீங்க?"

"யாருக்குமில்ல."

"வயித்துல இருக்குறவங்கன்னா இந்தப் போத்தல் வேணாம். கிளினிக்ல குடுக்குறது போதும். தண்ணியோட."

நன்றி சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. போத்தலை மேசையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். திட்டுவதற்கு என்னிடம் ஒரு சொல்லும் மிச்சம் இல்லை.

தண்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கடைந்த இரும்பு மடியில் கனத்தது. பண்டாரவளை தாண்டியதும் வெயில் போய்விட்டது. ஹப்புத்தளையில் வழக்கம்போலத் தெற்குப் பக்கத்திலிருந்து மூட்டம் ஏறி வந்து ரோட்டை மறித்துக்கொண்டு நின்றது. பஸ் லைட்டைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே மரமும் இல்லை, மலையும் இல்லை. அங்கேதான் அவள் ஏறினாள்.

எனக்குள் வந்து நிற்பது யார் என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா? என் மகள்தான். ஐந்து வருடமாக அவளை நான் வளர்த்துக்கொண்டிருக்கிறேன். ஜீவராணிக்கும் இது தெரியாது. சொன்னால் எனக்குப் பைத்தியம் என்பாள், அல்லது அழுவாள். முதல் வருடம் தவழ்ந்தாள். இரண்டாம் வருடம் பெக்டரியில் இலை வாட்டுகிற மாடியில் பரப்பிய கொழுந்தின்மேல் படுத்துத் தூங்கினாள், நான் அவளைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். வருகிற தை மாதம் முதலாம் வகுப்பு. வெள்ளைச் சட்டை தைத்தாகிவிட்டது, மனதுக்குள்தான். இரட்டைப் பின்னல். கறுகறுவென்று முடி.

பஸ்ஸில் அவள் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து காலை ஆட்டினாள். ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஈரத்தில் விரலால் கோப்பை ஒன்றை வரைந்தாள். காதோடு சேர்த்து அழகாக வரைந்தாள். நான் அதைத் துடைக்கப் போனேன்.

"ஏன் அப்பா?" என்றாள்.

கையை எடுத்துக்கொண்டேன். அவள் வயிற்றில் இருந்த காலம் இருநூற்று நாற்பது காலை இருக்கும், கூடக்குறைய. எல்லாம் என் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. இஞ்சியைத் தட்டுகிற சத்தம், ஆவி, என் உள்ளங்கையில் குளிசை. "இந்தா புள்ள, ரத்தம் ஊறட்டும்" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன். அந்த எட்டு மாதத்தில் ஜீவராணியின் முகம் வெளிறிக்கொண்டே போனபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? இன்னும் அரைக் கரண்டி தூள் கூடப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் யாருக்காவது முழு மனதோடு ஒன்று செய்தேன் என்றால் அது அந்தத் தேத்தண்ணிதான். அதைத்தான் செய்தேன்.

மூட்டத்துக்குள் பஸ் போய்க்கொண்டே இருந்தது. ரோடு முடியாவிட்டால் நல்லது என்று நினைத்தேன். இறங்கினால் வீடு, வீட்டில் ஜீவராணி, அவள் வயிற்றில் இன்னொன்று. சொல்லாவிட்டால் நாளைக் காலையும் அதே கோப்பைதான். சொன்னால் அவள் அன்றைய காலைகளை எண்ணத் தொடங்குவாள். அவள் கெட்டிக்காரி, எண்ணுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. எண்ணி முடித்துவிட்டு என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குத்தான் நான் பயந்தேன். என்னை வெறுத்தாலும் தாங்கிக்கொள்ளலாம். தன்னையே வெறுத்தால்? ஐந்து வருடம் எடுத்து அவள் மறுபடி சிரிக்கப் பழகியிருக்கிறாள்.

ஹல்துமுல்லையில் இறங்கும்போது பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. ஜன்னலில் ஈரம் வழிந்து, வரைந்தது எதுவும் இல்லை.

அன்று மாலை ஜீவராணி மலையிலிருந்து வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "போத்தலுக்காரனோட சண்ட புடிச்சீங்களா?"

"கட பூட்டியிருந்துச்சு," என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கட பூட்டியிருந்தா நீங்க பூட்டோட சண்ட புடிச்சிருப்பீங்களே?"

நான் சிரித்தேன். சிரிப்பு சரியாக வரவில்லை. அவள் தலையைத் துவட்டிக்கொண்டு அடுப்பின் முன்னால் குந்தினாள். நெருப்பு வெளிச்சத்தில் நரை செம்பு நிறமாகத் தெரிந்தது. அவ்வளவு அழகாக இருந்தாள். சொல்லிவிடு என்று ஒரு மனம் சொன்னது. சாப்பிடட்டும் என்றது இன்னொரு மனம். சாப்பிட்டாள். தூங்கட்டும் என்றேன். தூங்கினாள்.

விடிந்ததும் நான் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, பாதித் தேசிக்காயைப் பிழிந்து, அதே கோப்பையில் கொண்டுபோனேன். மற்றக் கையில் கிளினிக் குளிசை. இஸ்தோப்பில் கூடைக் கயிற்றைச் சரிபண்ணிக்கொண்டிருந்தவள் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இது என்னாங்க, வெளுத்துப்போயிருக்கு? தேத்தண்ணி எங்க?"

"இந்த மாசத் தூளு சரியில்ல."

"என்னா சரியில்ல?"

"கருகிப்போச்சு. வாட்டும் பத்தல."

"நேத்துக் காலையில ஹல்துமுல்லையிலேயே இப்பிடித் தூளு இல்லன்னு சொன்னது யாரு?" என்று சிரித்தாள். "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாக்குறீங்களே. என்னா நடந்துச்சு பதுளையில?"

எனக்குப் பொய் சொல்ல வராது. கோபக்காரர்களுக்குப் பொதுவாக வராது.  "தேத்தண்ணியோட குடிச்சா குளிசையில இருக்குற இரும்பு ஒடம்புல சேராதாம்," என்றேன். "பாமசியில சொன்னாங்க. தண்ணியோடதான் குடிக்கணுமாம்."

அவள் சிரிப்பு நின்றது. கை கயிற்றிலேயே இருந்தது. கீழே வெள்ளையாகக் கிடந்த மூட்டத்தையே பார்த்தாள். எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.  லயத்துக் கோடியில் யாரோ ஒரு பிள்ளையை எழுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அவள் வாயால் அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை, அதனால் நானே சொன்னேன். "அந்த எட்டு மாசமும் நான்தானே புள்ள ஊத்திக் குடுத்தேன். நான்தானே." 

ஜீவராணி திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை, அழுகை இல்லை. லேசாக ஆச்சரியப்பட்டவள் மாதிரி புருவத்தை உயர்த்தினாள்.

"அட, அதுக்கா இந்தக் கொழப்பம்?" என்றாள். "அந்தத் தேத்தண்ணிய நான் எங்க குடிச்சேன்?"

"என்னா சொல்ற?"

"மிட்வைப் மிஸ் அப்பவே சொல்லிட்டாங்க, தேத்தண்ணி கூடாதுன்னு. நீங்க ஆசையா ஊத்திக் குடுக்குறதை எப்பிடி வேணாங்கிறது? நீங்க அந்தப் பக்கம் பெக்டரிக்குக் கெளம்புனதும் வாசல்ல ரோசாச் செடிக்கு ஊத்திருவேன். குளிசைய சுடுதண்ணியில போட்டுக்குவேன். இத்தன வருசமா ஒங்களுக்குத் தெரியாதா?" என் கையிலிருந்த குளிசையை எடுத்து வாயில் போட்டு, தேசிக்காய்த் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். "பரவாயில்லயே, நல்லாத்தான் இருக்கு. நாளைக்குச் சீனி கொஞ்சம் போடுங்க. பெரட்டுக்கு நேரமாச்சு." கோப்பையை என் கையில் வைத்துவிட்டு, தலைத்துணியை இழுத்து நரையை மறைத்துக் கட்டிக்கொண்டு, கூடையோடு படி இறங்கிப் போனாள்.

நெஞ்சிலிருந்து ஒரு பெரிய கல் இறங்கிப் போனது. நான் இல்லை. நான் செய்யவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டேன். மூச்சு நன்றாக வந்தது. குளிர்ந்த, கொழுந்து மணக்கிற காற்று. பாக்கியலெட்சுமி அக்கா போகிற போக்கில் ஏதோ கிண்டல் பண்ணினாள், நானும் ஏதோ பதில் சொன்னேன். வெளிச்சம் வாசலுக்கு வந்தது. ரோசாச் செடியில் ஏழெட்டுப் பூ விரிந்திருந்தது. அது சிவப்பு ரோசா.

அந்தச் செடியை நட்டவன் நான். ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்து ஒரு மாதம், அவள் வாசற்படியில் குந்தி வெறும் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கிறதுக்கு ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்று ஹப்புத்தளையிலிருந்து ஒரு கிளை வாங்கி வந்து ஊன்றினேன். பிள்ளை வயிற்றில் இருந்த எட்டு மாதத்தில் எங்கள் வாசலில் ரோசாச் செடியே இல்லை.

கோப்பையைக் கீழே வைத்தேனா போட்டேனா தெரியாது. அவளுக்கு அது நான் சொன்ன அந்த நொடியில்தான் தெரிய வந்திருக்கிறது. யாரும் அவளுக்கு எதையும் முன்னால் சொல்லியிருக்கவில்லை. அத்தனை காலைகளையும் அவள் அந்த இடத்தில் நின்றபடியே எண்ணி முடித்திருக்கிறாள். எண்ணி முடித்ததும் தன்னைப் பற்றி நினைக்காமல், பிள்ளையைப் பற்றிக்கூட நினைக்காமல், முதலில் என்னைத் தூக்கி எடுத்திருக்கிறாள். அதற்கு அவளுக்குக் கையில் அகப்பட்டது வாசலில் நின்ற அந்தச் செடி.

நான் ஓடினேன். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்துக்குப் போகிற பாதையில் இரண்டாவது வளைவு வரைக்கும் ஓடினேன். மூட்டம் இன்னும் அங்கே கிடந்தது. மற்றப் பெண்கள் முன்னால் போய்விட்டார்கள், பேச்சுக்குரல் மட்டும் எங்கேயோ கேட்டது. வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிகளை, மிலாறை, குவித்திருந்த இடத்தில் ஜீவராணி உட்கார்ந்திருந்தாள். கூடை பக்கத்தில் கிடந்தது. தலைத்துணியை அவிழ்த்து வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள், சத்தம் வெளியே வராமல் இருக்க.

என்னைக் கண்டதும் துணியை எடுத்து மூக்கைச் சிந்துகிற மாதிரி பாவனை பண்ணினாள். "தடுமல்," என்றாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஈர மிலாறு காலில் குத்தியது.  மன்னிப்புக் கேட்டால் அவள் கட்டிக் கொடுத்ததை நானே உடைத்த மாதிரி ஆகிவிடும். நம்பினது மாதிரி இருந்தால் அவளை இந்த மூட்டத்துக்குள் தனியாக விட்ட மாதிரி ஆகிவிடும்.

"ரோசா நல்லா வந்திருக்கு புள்ள," என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வராம?" என்றாள் மெதுவாக. "புள்ள போனதுலருந்து அஞ்சு வருசமா ஊத்துறோம்ல."

அவள் தலை என் தோளில் சாய்ந்தது. வெள்ளை முடி என் வாயோடு ஒட்டியது. பிறகு இரண்டு பேரும் அழுதோம், ஐந்து வருடமாக ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் அழுததையெல்லாம் சேர்த்து.